கொழும்பைத் தமிழில் எழுத நினைக்கிறவருக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வியை முதலில் அப்படியே தருகிறேன். "நான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். இந்த ஊரைப் பற்றிக் கவிதை, சிறுகதை, வெளியூரிலிருந்து வருகிற தமிழர் கையில் கொடுக்க ஒரு சின்னப் பயணக் கையேடு என்று மூன்றும் எழுத ஆசை. ஆனால் யாழ்ப்பாணத்துக்கும் மலையகத்துக்கும் மட்டக்களப்புக்கும் இருக்கிற மண்வாசனை கொழும்புக்குக் கிடையாது, அது சும்மா வந்து போகிற இடம் என்கிறார்கள். உண்மையா? நான் எங்கே தொடங்குவது?"

வந்து போகிற இடம் என்பது சரி. அதனால் எழுத ஒன்றும் இல்லை என்பது பெரிய பிழை. வழியில் போகிறவர்களுக்காகவே ஒரு முழுப் பாட்டு வகையை வைத்திருந்த மொழி நம்முடையது. ஆற்றுப்படையைச் சொல்கிறேன். பரிசு பெற்றுத் திரும்புகிற பாணனோ கூத்தனோ எதிரே பசியோடு வருகிறவனை நிறுத்தி, இப்படிப் போ, இன்ன ஊரில் இன்னது கிடைக்கும், இன்ன இடத்தில் கவனம் என்று சொல்லுகிற பாட்டு. சிறுபாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். எயிற்பட்டினத்தில் பரதவர் தருகிற சுட்ட குழல்மீன், வேலூரில் புளி போட்ட சூடான சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு என்று ஊருக்கு ஊர் சாப்பாடு மாறிக்கொண்டே போகும். மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே. பன்றிக்கு வைத்த பொறிகள் பாதையில் இருக்கும், இரவில் நடக்காமல் தங்கி விடிந்த பிறகு போங்கள், தினைப்புனம் காக்கிறவர்கள் எறிகிற கவண்கல் உங்கள் மேல் படலாம், மரத்துக்குப் பின்னால் மறைந்து மறைந்து போங்கள் என்று இருக்கிறது. இது கவிதையா பயணக் கையேடா என்று கேட்டால் எனக்கு இரண்டும்தான். நீங்கள் மூன்று தனித்தனி வேலை என்று நினைக்கிறீர்கள். நம் மரபில் அவை ஒரே வேலை. ஒரு இடத்தைத் தெரிந்தவர், அங்கே போக வேண்டியவரைப் பார்த்துப் பேசுவது. கொழும்புக்குப் பொருத்தமான எழுத்து அந்தப் பேச்சிலிருந்துதான் வரும் என்பது என் நம்பிக்கை.

மண்வாசனை என்ற அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தொடங்கிய பிறகு, ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும், தேசிய இலக்கியம், மண்வாசனை என்ற பேச்சு இங்கே சூடாக நடந்தது. சென்னைச் சஞ்சிகைக் கதைகளைப் பார்த்து எழுதுவதை நிறுத்து, உன் ஊரை உன் பேச்சில் எழுது என்பதுதான் அதன் சாரம். மிகவும் தேவையான சண்டை அது, அதில்லாமல் நமக்கு இன்றிருக்கிற பாதி எழுத்து கிடைத்திருக்காது. ஆனால் அந்தப் பேச்சில் மண் என்றால் வயல், பனங்காணி, தேயிலை மலை, கடற்கரைக் குடில் என்று ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அந்த விவாதத்தில் பெரும்பங்கு அச்சானது கொழும்பில். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. இலக்கிய விமர்சகர் கைலாசபதி தினகரன் ஆசிரியராக இருந்தபோது இந்த எழுத்துக்குப் பெரிய இடம் கொடுத்தார். கதை கொழும்பில் அச்சாகும், கதைக்குள்ளே ஊர் மட்டும் எங்கோ இருக்கும். கொழும்பு வந்தாலும் பெரும்பாலும் மகன் வேலை பார்க்கிற இடமாக, காசோலையும் கடிதமும் வருகிற இடமாக வரும். அந்த மகன் இறங்கிய பஸ் ஹோல்ட்டையும் அவன் வாடகைக்கு இருந்த அறையின் சுவரையும் யாரும் போதுமான அளவு எழுதவில்லை. உங்களுக்கு மிச்சமிருக்கிற வேலை அது.

சரி, எங்கே தொடங்குவது. இடத்தில் தொடங்க வேண்டாம், வழியில் தொடங்குங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து காலி வீதி வழியாக வெள்ளவத்தை தாண்டிப் போகிற 102ஆம் இலக்க பஸ்ஸை நான் சொல்லுவேன். கொழும்புத் தமிழ் வாழ்க்கையின் இரண்டு முனைகளையும் அது தொட்டுப் போகிறது. வடக்கு முனையில் கொச்சிக்கடை. அங்கே பொன்னம்பலவாணேசுவரர் கோயில், பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டியதை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்கக் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் உள்ளே போய்ப் பாருங்கள், கல் எவ்வளவு குளிர்ந்து கிடக்கிறது என்று. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் புனித அந்தோனியார் திருத்தலம், செவ்வாய்க்கிழமைகளில் சைவர்களும் முஸ்லிம்களும் பௌத்தர்களும் வந்து மெழுகுதிரி ஏற்றுகிற இடம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்ததும் அங்கேதான். இந்த இரண்டு விஷயத்தையும் ஒரே பத்தியில் எழுதத் தெரிய வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் அது சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் ஆகிவிடும், மற்றதை மட்டும் எழுதினால் செய்தியாகிவிடும்.

கொஞ்சம் தெற்கே செட்டியார் தெரு. நகைக்கடைகளுக்கு நடுவில் கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் காலத்தில் தேர் அங்கிருந்து புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிப் பக்கம் போகும். அது போகிற பாதையைக் கவனித்தால், நான் சொன்ன பஸ் போகிற அதே முதுகெலும்புதான். அதையொட்டிப் புறக்கோட்டை. குறுக்குத் தெருக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சரக்கு, துணி ஒரு தெரு, பலசரக்கு ஒரு தெரு, இரும்புச்சாமான் ஒரு தெரு. இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசல். எல்லாரும் அதன் படத்தை எடுக்கிறார்கள். படத்துக்குக் குறுக்கே வந்துவிடுகிற நாட்டாமைமாரை யாரும் எழுதுவதில்லை. மூட்டை சுமக்கிற, தள்ளுவண்டி இழுக்கிற அந்த ஆக்களில் நிறையப் பேர் மலையகத்திலிருந்து வந்த தமிழர். எந்தக் கடைக்காரர் எப்போது இறக்குமதிச் சரக்கு எடுக்கிறார், எந்தச் சந்தில் வண்டி திரும்பாது, எந்தத் திண்ணையில் மத்தியானம் படுக்க விடுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. புறக்கோட்டைக்கு உண்மையான கையேடு அவர்கள் தலையில் இருக்கிறது. ஒரு கதை எழுத வேண்டுமென்றால் அவர்களில் ஒருவரோடு பிளேன்டீ குடித்துக்கொண்டு கதையுங்கள், பள்ளிவாசலின் வளைவுகளை வர்ணிப்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பஸ்ஸுக்குள் கவனிக்க வேண்டியது பேச்சு. லீவு நாளில் வெளிக்கிட்ட, வீட்டு வேலை செய்கிற ஹட்டன் பிள்ளை ஒரு தமிழ் பேசும். டியூட்டரிப் பையோடு ஏறுகிற யாழ்ப்பாணத்துப் பெடியன் இன்னொன்று. மருதானையில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் வியாபாரி இன்னொன்று. அவரே கண்டக்டரிடம் சிங்களத்துக்கு மாறி, பக்கத்துச் சீட்டுக்காரரிடம் திரும்பித் தமிழுக்கு வந்துவிடுவார், இடையில் மூச்சுக்கூட விடமாட்டார். கொழும்புக் கதைகளில் எல்லாரையும் ஒரே யாழ்ப்பாணத் தமிழில் பேச வைப்பது எனக்குப் பொறுக்காத விஷயம். ஒரே ஹோல்ட்டில் இறங்கினாலும் அவர்கள் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கொழும்பு. அத்தோடு அமைதியையும் எழுத வேண்டும். போர்க்காலத்தில் பஸ்ஸில் போன் வந்தால் குரலைத் தாழ்த்துவோம், அல்லது இறங்கிய பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிடுவோம். உங்கள் வயதுக்கு அது நினைவிருக்குமோ தெரியாது, உங்கள் அம்மாவுக்கு நிச்சயம் நினைவிருக்கும். கேளுங்கள்.

இப்போது கதைக்கு வருகிறேன். கொழும்புத் தமிழ்க் கதைக்கு என்றே ஒரு இடம் இருக்கிறதென்றால் அது லொட்ஜ். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை லொட்ஜ்களில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள் வாரக்கணக்காக, சிலர் வருஷக்கணக்காக இருந்தார்கள். கடவுச்சீட்டுக்கு, ஸ்பொன்சர் கடிதத்துக்கு, ஏஜென்சிக்காரனின் பதிலுக்கு, பிடிபட்ட பிள்ளையைப் பற்றிய ஒரு தகவலுக்கு. பொலிஸ் பதிவுத் துண்டு எப்போதும் சட்டைப் பையில். பக்கத்து அறைக்காரர் யாரென்று கேட்கக்கூடாது, ஆனால் அவருக்கு என்ன கறி பிடிக்கும் என்று தெரியும். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் பொலிஸார் லொட்ஜ்களுக்குள் புகுந்து, கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லி 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது. செய்தியாக இது எல்லாருக்கும் தெரியும். கதையாக எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அரைமணி நேரத்தில் பையைக் கட்டு என்றால் எதை எடுப்பார்கள்? முன்பணம் கொடுத்த அறைக்கு மிச்சக் காசை யார் திருப்பித் தருவார்? பஸ் எந்தச் சந்தியில் நின்றது, யார் தண்ணீர் கொடுத்தார்? மண்வாசனை என்று தேடுகிறவர்களுக்கு இதைவிட மணமான இடம் எங்கே கிடைக்கும்?

1983ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூலை 24 இரவு பொரளைக் கனத்தை மயானத்தில் தொடங்கிய தமிழருக்கு எதிரான கலவரம் நகரம் முழுக்கப் பரவி, வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தார்கள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை விமான நிலையமும் அகதி முகாம்களாயின, அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். இதை எழுதும்போது பெரிய சொற்களைத் தேட வேண்டாம். முகவரியோடு எழுதுங்கள். எந்தக் கடை எரிந்தது, அதற்குமுன் அதில் என்ன விற்றார்கள், யார் யாரை எந்த மதிலுக்கு மேலால் தூக்கிப் பக்கத்து வளவுக்குள் இறக்கினார்கள், இன்று அந்த இடத்தில் என்ன நிற்கிறது. காப்பாற்றிய சிங்கள அயலவரையும் முகவரியோடுதான் எழுத வேண்டும், பொதுவாக நல்ல மனிதர் என்று விட்டுவிடக்கூடாது.

வெளியிலிருந்து வந்து இந்த ஊரை எழுதியவர்களையும் படியுங்கள், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. மொரோக்கோப் பயணி இப்னு பதூதா 1344இல் வந்தபோது கொழும்பைப் பற்றிச் சில வரிகள்தான் எழுதினார். செரந்தீபின், அதாவது இலங்கையின், மிக அழகிய பெரிய நகரங்களில் ஒன்று, கடலுக்கு அதிபதியான ஜாலஸ்தி என்பவர் சுமார் ஐந்நூறு அபிசீனியரோடு இங்கே இருக்கிறார் என்று. துறைமுகத்தில் யார் கை ஓங்கியிருந்தது என்பது அதில் வந்துவிடுகிறது. சில வரியில் ஒரு ஊர். மறுபக்கம் சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா. 1929 அளவில் தன் நாட்டின் கொன்சல் அதிகாரியாக வந்து வெள்ளவத்தைக் கடலோரத்தில் இருந்தார். கடலையும் தனிமையையும் மிக அழகாக எழுதியவர், தன் வீட்டுக் கழிவை அகற்ற வந்த ஏழைத் தமிழ்ப் பெண்ணைப் பலவந்தம் செய்ததையும் தன் நினைவுக் குறிப்புகளில் தானே எழுதினார். அவர் இறந்த பிறகு 1974இல் அது வெளிவந்தது. அந்தப் பெண்ணுக்கு அதில் பெயர் இல்லை. வெள்ளவத்தையைப் பற்றி உலகம் முழுக்கப் படிக்கப்பட்ட பக்கங்களில் ஒரு தமிழ்ப் பெண் இப்படித்தான் இருக்கிறாள். அவள் எந்த வத்தையிலிருந்து, அதாவது எந்தச் சேரியிலிருந்து, நடந்து வந்தாள், விடியுமுன் அந்தத் தெரு எப்படி இருந்திருக்கும், வாளியை எங்கே கொட்டினாள் என்பதைத் தமிழில் எழுதுவது நம் கடமை என்றே நினைக்கிறேன். நீங்கள் ஒரே ஒரு கதை எழுதுவதாக இருந்தாலும் அதை எழுதுங்கள் என்பேன்.

கவிதை. நம் திணை மரபு முதல், கரு, உரி என்று பிரித்தது. இதைப் பரீட்சைக்குப் படித்ததோடு பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் என்பது நிலமும் பொழுதும். கொழும்பின் கடல் மேற்கே பார்த்தது, சூரியன் அதற்குள் விழும். மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று வந்தால் கடல் பழுப்பாகி அடிக்கும், ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் பார்த்து இடிமழை கொட்டும். கரு என்பது அங்கே இருக்கிறவை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற எந்த ஒழுங்கையாலும் போங்கள், மெரின் டிரைவ், அதைத் தாண்டி ரயில் பாதை, அதற்கப்பால் கருங்கல் அடுக்கு, பிறகுதான் கடல். தண்டவாளத்தைக் கடக்காமல் கடலைத் தொட முடியாத நெய்தல் இது. அப்படியிருக்க ஏன் இன்னும் தாழையையும் புன்னையையும் கொண்டுவந்து வைக்கிறீர்கள்? காகத்தை எழுதுங்கள், அலுவலக ரயிலின் வாசலில் தொங்குகிற கைகளை எழுதுங்கள், உப்புக்காற்றில் துருப்பிடிக்கிற யன்னல் கம்பியை எழுதுங்கள். உரி என்பது அந்த நிலத்துக்குரிய உணர்வு. நெய்தலுக்கு அது இரங்கல், அதற்கு இங்கே பஞ்சமில்லை. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, மாடிக் குடியிருப்பில் வாட்ஸ்அப் அழைப்புக்காக உட்கார்ந்திருக்கிற அம்மாமார் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள்.

காலிமுகத்திடலை எழுதுவதென்றால் இறால்வடையோடும் பட்டத்தோடும் நிறுத்தாதீர்கள். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அந்த நடைபாதையை முடித்து, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பின்வருவோர் பேண வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார். அதே திடலில் 2022 மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி கொடுத்தார்கள், சிங்கள இளைஞர்களும் வாங்கிக் குடித்தார்கள். கொழும்பின் நடுவில் அப்படி ஒன்று நடந்தது என்பதை எங்கள் கவிதை இன்னும் சரியாக உள்வாங்கவில்லை.

கடைசியாகக் கையேடு. இதைத்தான் முதலில் எழுதச் சொல்வேன், ஏனென்றால் இது மற்ற இரண்டுக்கும் கண்ணைப் பழக்கும். கிடைக்கிற கையேடுகள் கொழும்பை ஒரு பகலில் முடித்துவிட்டுக் கண்டிக்கும் காலிக்கும் ஓடச் சொல்கிறவை. தமிழர் ஏன் கொழும்புக்கு வருகிறார்கள் என்று யோசித்தால் வேறு புத்தகம் வரும். கடவுச்சீட்டுக்குப் பத்தரமுல்லைக்கு வருகிறார்கள். மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். இரவு பஸ்ஸில் வந்து விடியுமுன் வெள்ளவத்தையிலோ புறக்கோட்டையிலோ இறக்கப்பட்டு, கையில் பையும் பக்கத்தில் நடக்கமுடியாத தாயுமாக நிற்கிற மகளுக்கு எழுதுங்கள். அந்த நேரத்தில் எங்கே முகம் கழுவலாம், எந்தச் சைவக்கடை முதலில் திறக்கும், மகரகமவுக்குப் புறக்கோட்டையிலிருந்து 138, வெள்ளவத்தையில் இறங்கியவர் எந்தச் சந்திக்குப் போக வேண்டும், சிங்களத்தில் மட்டும் இருக்கிற படிவத்தை நிரப்ப யாரிடம் கேட்கலாம், போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளில் அலுவலகம் மூடியிருக்கும் என்று நாட்காட்டியைப் பார்த்து வாருங்கள். இதெல்லாம் இருக்க வேண்டும். நேரங்களையும் கட்டணங்களையும் நீங்களே போய்ப் பார்த்து எழுதுங்கள், எத்தனையாம் மாதம் பார்த்தது என்றும் போடுங்கள்.

வேலை முடிந்து ஒரு பின்னேரம் மிச்சமிருந்தால் எங்கே போவது என்பதும் வேண்டும். கொழும்பு தேசிய நூதனசாலைக்கு அனுப்புங்கள். சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் காணிக்கை சொல்கிறது. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். எழுத்து நிறையத் தேய்ந்துவிட்டது, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி நின்று பார்த்தால் தமிழ் தெரியும் என்று சேர்த்து எழுதுங்கள்.

படிக்க எங்கே போவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வெள்ளவத்தையில் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. வீட்டிலிருந்தே என்றால் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் பழைய சஞ்சிகைகள் குவிந்து கிடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் 1966இல் தொடங்கிப் பின்னர் கொழும்புக்கு வந்த மல்லிகையையாவது முழுதாகப் புரட்டுங்கள். கதைகளோடு விளம்பரப் பக்கங்களையும் விடாதீர்கள். கடைப் பெயர், தெரு, என்ன விற்றார்கள் என்பதெல்லாம் அங்கே அச்சில் இருக்கும், அந்தக் கடைகளில் எது இன்னும் நிற்கிறது என்று போய்ப் பார்ப்பதற்கே உங்களுக்குப் பல சனிக்கிழமைகள் வேண்டும்.